மாடிப்படிக்குக் கீழே ஆபீஸ், மாடியில் கச்சேரி!

முதலில் காலிங்பெல்லை அடியுங்கள். என் பையில் சாவி இருக்கிறதுதான். ஆனால் அது அவசரத்துக்கு மட்டும். மற்ற நேரத்தில் இங்கே சம்பளம் வாங்குகிற நானும் பெல் அடித்துவிட்டு, யாராவது வந்து திறக்கும்வரை மழையில் நின்றுதான் ஆக வேண்டும். இது ஆஸ்பத்திரி இல்லை, விடுதி இல்லை, பலகை மாட்டிய 'இல்லம்' இல்லை. நான்கு பேர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் குடியிருக்கும் வீடு. தெற்கு லண்டன் முடிந்து சர்ரே மாவட்டம் ஆரம்பிக்கிற சட்டன் பக்கம், பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட செங்கல் வீடு. அந்தச் சுவர் பின்னால் கதைக்குள் வரப்போகிறது, நினைவில் வையுங்கள்.

குடியிருக்கும் நால்வரும் அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட பெரியவர்கள். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்கள் குழந்தைகளையும் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம் பேர். நான் இந்த வீட்டில் சப்போர்ட் வொர்க்கர். நால்வரின் பெயரையும் சொல்ல மாட்டேன், வீட்டுக் கதை வெளியே போகக்கூடாது என்பதுதான் வேலையில் சேரும்போது சொல்லித்தரும் முதல் பாடம். அதனால் மூன்று பேருக்குப் பட்டப்பெயர், நான்காமவர் ஊர்வம்பில் வர விரும்பாதவர், அவரை விட்டுவிடுவோம். அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். பஸ்காரர், பாட்டரசி, பெரியவர், இவைதான் அந்தப் பட்டப்பெயர்கள். நேரில் எல்லாரையும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் திருநெல்வேலிக்காரி நாக்குக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் தெரியுமா? எனக்கு இன்னும் பெயருக்கு முன்னால் ஒரு கணம் தொண்டை கனைக்கிறது.

ஷூவைக் கழற்றிவிட்டு வாருங்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு குட்டிக் கதவு தெரிகிறதா? துடைப்பம் வைக்கிற இடம் என்றுதான் விருந்தாளிகள் நினைப்பார்கள். அதுதான் எங்கள் மேடையின் பின்புறம்! கல்யாண மண்டபத்தில் முன்னால் நாதஸ்வரமும் பட்டுப்புடவையுமாக இருக்க, பின்கட்டில் அண்டாவும் புகையும் சத்தமுமாக இன்னொரு உலகம் ஓடுமே, அதன் பிரிட்டிஷ் பதிப்பு இங்கே, ஒரு அலமாரி அகலத்தில். பூட்டுப் போட்ட மருந்துப் பெட்டி. ஒவ்வொரு மாத்திரைக்கும் கையெழுத்துப் போடுகிற மார் ஷீட். மாத்திரை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதையும் குறிக்க ஒரு எழுத்து உண்டு, ஏனென்றால் வேண்டாம் என்று சொல்வதும் அவர் உரிமை. ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி, கோழிக்கறியின் நடுவில் எத்தனை டிகிரி, குளியல் தண்ணீர் எத்தனை டிகிரி, எல்லாவற்றுக்கும் ஒரு தாள். நால்வரின் கைச்செலவுப் பணத்துக்கு நான்கு தகர டப்பாக்கள். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேர் சேர்ந்து சில்லறையை எண்ணுவோம். இருபது பென்ஸ் குறைந்தால் சோபாவைக் கவிழ்த்துத் தேடுகிற காட்சியை நீங்கள் பார்க்க வேண்டும், வங்கிக் கொள்ளை விசாரணை தோற்றுவிடும்.

தேநீரை ஊசி போடுகிற சிரிஞ்சில் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் ஊற்றுவோம். பெரியவருக்குத் தண்ணியாக எதைக் குடித்தாலும் புரையேறும். அதனால் தேநீரில் கெட்டியாக்கும் பொடி கலக்க வேண்டும். எவ்வளவு கெட்டி என்பதற்கு உலகப் பொது அளவுகோல் ஒன்று இருக்கிறது: பச்சைத் தண்ணீர் 0, சாதாரணச் சாப்பாடு 7. பத்து மில்லி சிரிஞ்சை நிரப்பி, அடியில் அடைத்த விரலை எடுத்து, பத்து விநாடி ஒழுகவிட வேண்டும். நான்கிலிருந்து எட்டு மில்லிவரை மிச்சம் நின்றால் அது இரண்டாம் நிலை. பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விநாடிகளைச் சத்தமாக எண்ணுவார். ஆறுக்கு அடுத்து ஒன்பது என்பது அவர் கணக்கு. நான் மனதுக்குள் தனியாக எண்ணிக்கொள்வேன். அந்தப் பொடி டப்பாவுக்கும் பூட்டு உண்டு, உலர்ந்த பொடியை யாராவது வாயில் அள்ளிப் போட்டால் மூச்சே அடைத்துவிடும்.

சரி, இதெல்லாம் பின்கட்டு. முன்மேடையில் என்ன நடக்கிறது? காலை எட்டு மணி, பாட்டரசி தேநீர் போடுகிறார்! அவ்வளவுதானா என்கிறீர்களா? அரை மணி நேர நிகழ்ச்சி அது. அவர் அதிகம் பேச மாட்டார். பாடும்போது மட்டும் சொற்கள் எங்கிருந்தோ கொட்டும். மற்ற நேரம் மக்கடோன் என்கிற கைச்சைகைகள்தான். 1970களில் இங்கிருந்து சற்றுத் தள்ளி, சர்ரேயின் போட்லீஸ் பார்க் மருத்துவமனையில் இருந்த, காதும் கேளாத அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்காக மார்கரெட் வாக்கர் என்ற பேச்சுப் பயிற்சியாளர் உருவாக்கிய முறை. விரல்களைக் குவித்து எதிர்க்கையின் முழங்கையில் தட்டினால் பிஸ்கட். பாட்டரசி இரண்டு முறை தட்டினால் இரண்டு பிஸ்கட். நான்கு முறை தட்டினால் அன்றைக்கு யாரோ அவரைக் கோபப்படுத்தியிருக்கிறார்கள்.

கெட்டிலைச் சாய்க்க ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது, தூக்க வேண்டாம், அப்படியே முன்னால் சாய்த்தால் போதும். டீ பேக்கை எடுப்பார், முகர்வார், திரும்ப வைப்பார், வேறொன்றை எடுப்பார். பால் கொஞ்சம் மேஜையில் போகும். நான் பக்கத்தில் நிற்பேன். வெந்நீர் கைக்கு எட்டும் கணத்தில் மட்டும் என் கை அவர் முழங்கையருகே தயாராக இருக்கும். மற்றபடி ஒன்றும் செய்யக்கூடாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இந்த வேலையின் வித்தை! கென்ட் பல்கலைக்கழகத்தின் டிசார்ட் மையத்தில் ஜிம் மேன்செல் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து சொன்னதன் சாரம் இதுதான்: அவருக்காகச் செய்யாதே, அவரோடு செய். ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, அவரால் முடிகிற துண்டுகளை அவருக்கே விடு.

கேட்க எளிதாக இருக்கிறது. நம் ஊர்க் கைகளுக்கு அது சித்திரவதை. பாசம் என்றாலே பரிமாறுவது, ஊட்டுவது, 'நீங்க உக்காருங்க, நான் பார்த்துக்கறேன்' என்று பிடுங்கிக்கொள்வது என்று வளர்ந்தவர்கள் நாம். இந்த வேலைக்கு வருகிற தமிழ்ப் பெண் ஒவ்வொருத்தியும் முதல் மாதம் கரண்டியைப் பிடுங்கப் பாய்வாள். எங்கள் வீட்டில் சீனியர், யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். புதுசாக யார் வந்தாலும் அவர் தரும் பயிற்சி ஒரே வரிதான்: "கையைப் பொக்கற்றுக்குள்ள வை, தங்கச்சி. அவ செய்வா." செய்வார். தேநீர் ஆறியிருக்கும், பாதி மேஜையில் இருக்கும், அதை அவர் குடிக்கிற தோரணை இருக்கிறதே, பக்கிங்ஹாம் அரண்மனையில் அப்படிக் குடிக்க மாட்டார்கள்.

இப்போது கிளம்புவோம், பஸ்காரர் வாசலில் நிற்கிறார். நிற்கத் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகிறது. இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் கழுத்தில், 280ஆம் எண் பஸ் மனதில். சட்டனைத் தாண்டி, மிச்சம் வழியாக டூட்டிங் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைவரை போகிற வண்டி. மாடியில் முன்வரிசை இடப்பக்க ஜன்னல் அவருடையது. அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம், இது வீட்டின் எழுதப்பட்ட விதி. நிஜமாகவே அவருடைய சப்போர்ட் பிளானில் எழுதியிருக்கிறது! ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் பஸ்ஸின் ரெக்கார்டு பெண் குரலுக்கு அரை விநாடி முன்னால் சொல்லிவிடுவார். பெண் குரல் தோற்கிறபோதெல்லாம் ஒரு சிரிப்பு. முன்சீட்டு ஜன்னல் முழுக்க லண்டன் உருண்டு வர, நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்பது எனக்கே சில நேரம் நம்ப முடியாது.

டூட்டிங் என்றால் நம்மவர்களுக்குத் தெரியும்: நகைக்கடை, முருங்கைக்காய், மசாலா தோசை. பஸ்காரருக்குத் தோசை பிடிக்கும், தக்காளி கெட்ச்அப்போடு. சட்னியைக் கண்ணாலும் பார்க்க மாட்டார். நாங்கள் போகிற கடையில் பரிமாறும் அண்ணன் முதல் தடவை நேராக என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்: "தங்கச்சி, இவருக்கு என்ன குடுக்கட்டும்?" நான் மெனு அட்டையில் ஏதோ அதிசயம் கண்டதைப் போலக் குனிந்துகொண்டு, "அவர்கிட்டயே கேளுங்கண்ணா" என்றேன். உலகமெங்கும் இதே கதைதான். சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு, தள்ளுகிறவரிடம் 'இவர் சர்க்கரை போட்டுக்குவாரா?' என்று கேட்கிற பழக்கத்தைக் குத்திக்காட்டி, அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து பிபிசி ரேடியோ 4-ல் 1977 முதல் 1998 வரை மாற்றுத்திறனாளிகளுக்கான நிகழ்ச்சி ஒன்று ஓடியது. அண்ணன் ஆங்கிலத்துக்கு மாறி அவரிடம் கேட்டார். பஸ்காரர் தோசை சொன்னார், கெட்ச்அப் சொன்னார், கூடவே எதிர்க்கேள்வியும் போட்டார்: நீங்கள் வேலைக்கு எந்த பஸ்ஸில் வருகிறீர்கள்? அண்ணன் 264 என்றார். அவ்வளவுதான்! குரோய்டனிலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாக இருவரும் ஒப்பிக்கத் தொடங்கினார்கள். பின் மேஜையில் யாருடைய இட்லியோ ஆறிக்கொண்டிருந்தது.

பாட்டரசியின் கரோக்கே மெஷின் கதைக்கு வருவோம், அதற்குத்தான் சுவரை நினைவில் வைக்கச் சொன்னேன். கைச்செலவுப் பணத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, கடை விளம்பரத்தாளில் ஒரு படத்தைக் கத்தரித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். இரண்டு மைக், கலர் கலராகச் சுழலும் விளக்கு, இடுப்பு உயர ஸ்பீக்கர். எங்களுக்குக் குலை நடுங்கியது. அந்தப் பணத்தில் நல்ல குளிர்கோட்டு வாங்கலாமே! காலணி தேய்ந்திருக்கிறதே! மாடிப்படிக்குக் கீழே குசுகுசு மாநாடு நடந்தது. முடிவில் எங்கள் எல்லார் வாயையும் அடைத்தது 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது: ஒருவர் புத்திசாலித்தனமில்லாத முடிவு எடுக்கிறார் என்பதற்காக மட்டும் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக்கூடாது. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு அழகான வரி வேறு இருக்குமா, எனக்குச் சந்தேகம்தான். நீங்களும் நானும் கட்டாத புடவைகளையும் ஓடாத டிரெட்மில்லையும் வாங்கி அடுக்குகிறோம், யாராவது நமக்கு மாநாடு போடுகிறார்களா?

வாங்கினார். மாடியில் கச்சேரி ஆரம்பித்தது. 'அபா' குழுவின் பாட்டு, அதைவிட்டால் மறுபடி 'அபா'. சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரர் இரண்டாம் நாள் வாசலில் வந்து நின்றார். நாங்கள் பேசவில்லை, பாட்டரசியைக் கூப்பிட்டோம். இரவு எட்டு மணிக்கு மேல் பாடுவதில்லை என்று படம் வரைந்து ஒரு ஒப்பந்தம், ஒரு கடிகாரம், குறுக்கே கோடு போட்ட ஒரு மைக். இருவரும் கையெழுத்திட்டார்கள். இப்போது அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இரண்டாவது மைக்குக்கு வந்துவிடுகிறார். குரல் சகிக்காது. பாட்டரசி அதை அவர் முகத்துக்கு நேரே சைகையில் சொல்லியும்விட்டார்.

இதற்கெல்லாம் உடனிருப்பவர் படுகிற பாடு தனி. மாற்றுத்திறனாளியோடு துணைக்குப் போகிறவருக்கு சினிமா டிக்கெட் இலவசமாகத் தருகிற அட்டை ஒன்று இங்கே உண்டு. கேட்க ஆனந்தம். ஆனால் படத்தைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் இல்லை. 'மம்மா மியா'வை, கூடச் சேர்ந்து பாடுகிற காட்சிகளையும் சேர்த்து, தூக்கத்தில் எழுப்பினாலும் வசனத்தோடு ஒப்பிக்கும் நிலைக்கு எங்கள் மொத்த ஸ்டாஃபும் வந்துவிட்டோம்.

அப்புறம் டெய்லி நோட்ஸ். ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் நால்வரைப் பற்றியும் எழுத வேண்டும். 'சந்தோஷமாக இருந்தார்' என்று எழுதினால் மேனேஜர் சிவப்பு மையில் வட்டம் போடுவார். உனக்கு எப்படித் தெரியும்? என்ன பார்த்தாய், அதை எழுது. 'பஸ்ஸில் இரண்டு முறை சத்தமாகச் சிரித்தார், ஓட்டுநருக்குக் கை அசைத்தார்.' 'முரண்டு பிடித்தார்' கூடவே கூடாது. குளிக்கக் கூப்பிட்டபோது கதவைச் சாத்தினார், ஹாலில் வாக்குவம் கிளீனர் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி எழுதும்போதே அவருக்குக் கோபம் ஏன் வந்தது என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் ஆறு மாதம் இங்கே வந்து நோட்ஸ் எழுதலாம்.

பெரியவரைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. சாப்பாட்டை நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார், இடக்கை தட்டைச் சுற்றி வேலி கட்டியிருக்கும். புரையேறும் ஆளுக்கு அந்த வேகம் ஆபத்து, மெதுவாகச் சாப்பிட நாங்களும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். சிறு வயதில் சர்ரேயின் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, அரை ஆயுளை அங்கே கழித்தவர். நோயாளியாக இல்லை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களை அந்தக் காலத்தில் வைத்த இடமே அதுதான். இந்தப் பக்கமெல்லாம் அப்படிப்பட்ட கோட்டைகள். ரெட்ஹில்லில் 1855-ல் திறந்த எர்ல்ஸ்வுட் 1997-ல்தான் மூடியது. எப்ஸமைச் சுற்றி மட்டும் ஐந்து பெரிய மனநல மருத்துவமனைகள், அவற்றில் சில இப்படிப்பட்டவர்களுக்கான இடமாக மாறின. நீளமான வார்டு, பொதுத் துணி அலமாரி, மெதுவாகச் சாப்பிட்டால் பக்கத்து ஆள் தட்டைக் காலி செய்துவிடுவார். இன்று அவர் கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றில் அவருடைய அறைச் சாவி. குளியலறைக்குப் போனாலும் அறையைப் பூட்டிவிட்டுத்தான் போவார். தபால்காரர், கேஸ் மீட்டர் பார்ப்பவர், வேலைக்கு நேர்காணலுக்கு வருகிறவர் என்று யார் வந்தாலும் முதலில் அந்தச் சாவியைக் காட்டிவிடுவார். சாவியைப் பாராட்டாத ஒரு ஆளை நாங்கள் வேலைக்கு எடுக்கவில்லை. நேர்காணல் குழுவில் பெரியவருக்கும் ஓட்டு உண்டு!

மருத்துவமனைகளை மூடியதோடு கொடுமை முடிந்துவிடவில்லை. 2011-ல் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் நோயாளிகளை அடித்து வதைத்ததை பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசிய கேமராவில் பிடித்தது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். எங்கள் பயிற்சியில் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அலமாரிக்குள் இருக்கும் அத்தனை தாள்களையும் நாங்கள் கேலி செய்துகொண்டேதான் நிரப்புகிறோம், ஆனால் ஒன்றையும் விடுவதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வாருங்கள், டிஸ்கோ! பாட்டரசி ஜிகினாச் சட்டையில், பஸ்காரர் டையில். இதில் ஒரு வில்லன் உண்டு: ரோட்டா என்கிற ஷிஃப்ட் அட்டவணை. பல வீடுகளில் பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது என்றால் ஒன்பதுக்கே கோட்டை மாட்டிக் கிளப்பிவிடுவார்கள், பாட்டு உச்சத்தில் இருக்கும்போது. பிரைட்டனில் ஹெவி லோட் என்று ஒரு பங்க் ராக் குழு இருந்தது. அறிவுசார் மாற்றுத்திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாசித்த குழு. மேடையிலிருந்து பார்த்தால் ஒன்பது மணிக்கு ரசிகர் கூட்டமே மாயமாகிவிடுகிறது, காரணம் பணியாளர்களின் ஷிஃப்ட்! எரிச்சலில் அவர்கள் 'ஸ்டே அப் லேட்' என்று ஒரு இயக்கமே தொடங்கிவிட்டார்கள், ராத்திரி கண்விழிக்கும் உரிமைக்காக. உரிமைப் போராட்டங்களில் இவ்வளவு குஷியான கோரிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ரோட்டா பதினொன்றரைவரை. நான் சுவரோரம் நின்று கோட்டுகளைக் காவல் காப்பேன் என்று நினைத்தீர்களா? பாட்டரசி விட மாட்டார். ஒரு மாதிரி பரதமும் குத்தும் கலந்து ஆடுகிறேன், கைதட்டுகிறார்கள்.

ஆடி முடித்தால் ஸ்லீப்-இன். மாடியில் ஓர் ஒட்டு அறை, மடக்குக் கட்டில், வீட்டிலிருந்து கொண்டுவந்த என் தலையணை. தூங்கலாம், எழுப்பினால் எழுந்திருக்க வேண்டும். இரவு முழுக்க அங்கே இருப்பதற்கு ஒரு சின்ன மொத்தத் தொகை. தூங்குகிற நேரத்துக்கும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று ஒரு பணியாளர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2021 மார்ச்சில் தோற்றது. கூலி என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 2025 ஏப்ரலில் சட்டப்படியான குறைந்தபட்சம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, இந்தத் துறையில் பலருடைய சம்பளம் குறைந்தபட்சத்தை ஒட்டியேதான் நிற்கிறது. 2022-ல் வெளிநாட்டுப் பராமரிப்பு ஊழியர்களுக்கு விசாக் கதவை அகலத் திறந்தார்கள், 2024-ல் குடும்பத்தைக் கூட்டிவராதே என்றார்கள், 2025 ஜூலையில் புதிதாக வருகிறவர்களுக்குக் கதவையே சாத்திவிட்டார்கள். ஆள் மட்டும் எங்கேயும் போதவில்லை. இது எனக்குக் கோபம் வருகிற இடம், தாண்டிப் போய்விடுகிறேன்.

காலை ஏழரை, கைமாற்றும் நேரம். குடியிருப்பவர்கள் முன்னால் அவர்களுக்குப் புரியாத மொழியில் பேசக்கூடாது, அவர்கள் வீட்டில் அது மரியாதைக் குறைவு. அதனால் எங்கள் தமிழ் முழுவதும் வாசல்படிக்கு வெளியே, ஐந்து நிமிடத்தில். யாழ்ப்பாணத்து அக்கா கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "ராத்திரி என்ன மாதிரி?" என்பார். "ரெண்டு மணிக்கு எழுந்து பாட்டரசி டீ கேட்டாங்கக்கா." "குடுத்தனியே?" "அவங்களே போட்டாங்க. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க." அக்கா ஒன்றும் சொல்லாமல் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போக பெல் அடிப்பார்.

இந்த வாரம் வீடே ஒரு படிவத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாட்டரசிக்கு தார்ப் பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டும். குழந்தைகளின் ரயிலுக்கு இல்லை, 2024-ல் திறந்த ஹைப்பீரியாவுக்கு. 236 அடி உயரம், பிரிட்டனிலேயே உயரமான ரோலர்கோஸ்டர். வருடாந்திர உடல் பரிசோதனையில் டாக்டர் இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, சரி என்றுவிட்டார். வீடியோ காட்டினோம், தலைகீழாக நிற்கும் இடத்தில் நிறுத்திக் காட்டினோம், முழங்கையில் பிஸ்கட் தட்டுகிற வேகத்தில் 'இன்னொரு தடவை' என்று சைகை செய்கிறார். ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன, ஒன்றைத் தவிர: பக்கத்து இருக்கையில் யார்? யாழ்ப்பாணத்து அக்காவுக்குத் திடீரென்று பிரஷர். மேனேஜருக்கு அன்றைக்கு மீட்டிங். படிவத்தில் 'ஆபத்து யாருக்கு' என்ற கட்டத்தில் என் பெயரை யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். கடைசி முயற்சியாக நேற்று பஸ்காரரைக் கேட்டேன். எத்தனாம் நம்பர் என்றார். அதற்கு நம்பரெல்லாம் கிடையாது என்றேன். நம்பர் இல்லாத வண்டியில் அவர் ஏற மாட்டாராம்.